நிறுத்தவர் கையெழுத்து

மலைக்குப் போக நான்கு பேர் சேர்ந்து மூன்று வாரமாகத் திட்டம் போட்டார்கள். போட்ட இடம் எடைமேடைக்காரர் வீட்டுக் கூடம். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. ஆளை உள்ளே விட்டு ஜிப் போடுகிற தூக்கப் பை, மடித்த கூடாரம், ஊன்றுகம்பு, கயிறு, ஆற்றுத் தண்ணீரை வடிகட்ட ஒரு குழாய், உள்ளங்கை அகலத்தில் ஒரு அடுப்பு, வெந்நீர் ஊற்றினால் சோறாகும் என்று மேலே எழுதியிருந்த பொட்டலங்கள். ஒரு மலையில் ஆறு நாள் உயிரோடு இருக்க இவ்வளவு சாமான் வேண்டுமென்றால், அந்த மலை மனுஷனை வரச்சொல்லிக் கூப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்? எடைமேடைக்காரருக்கு இது புரிந்தது. படித்தவர்களுக்குப் புரியவில்லை.

எடைமேடை என்றால் லாரி ஏறி நிற்கிற எடைமேடை. சரக்கு லாரிகளை எடை போட்டு அனுப்பும் வேலையில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியும் தெருவில் அதுதான் பேர். அவசரக்காரர்கள் மேடைக்காரர் என்று சுருக்கிவிடுவதால், புதிதாகக் குடிவருகிறவர்கள் பெரிய பேச்சாளர் போலிருக்கிறது என்று கும்பிடு போட்டுவிட்டுப் போவதும் உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எடையில் அவரை ஏமாற்றியவன் கிடையாது. ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டவன், காலி வண்டி எடைக்கு வரும்போது தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவன், கிளீனரை சீட்டுக்கு அடியில் படுக்கவைத்தவன் என்று எல்லா ரகத்தையும் பார்த்தாயிற்று. முகத்தைப் பார்த்து நம்புகிற வழக்கம் அவரிடம் இல்லை.

திட்டத்துக்குத் தலைமை, மருமகனின் சிநேகிதன் ஒருத்தன். அவனைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். எந்தக் கப்பலுக்கு என்று எடைமேடைக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு லிப்ட் கம்பெனியில் வேலை. ஊரில் ஒருத்தரையும் படி ஏறவிடாமல் செய்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் மலை ஏறச் சொல்லிக்கொடுக்கிறான். ஒரே ஒரு தடவை எங்கேயோ மூன்று நாள் நடந்திருக்கிறான். அந்த மூன்று நாளை மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மருமகன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். கேப்டன் வாயால் சொன்னதை எல்லாம் கட்டம் போட்டு, நிறம் கொடுத்து, அச்சடித்துக்கொண்டு வருவார். கட்டத்துக்குள் வந்துவிட்டால் அது உண்மை என்று நினைக்கிற ஆள். மகளும் போகிறாள். நான்காவது ஆளாகக் கேப்டனின் மனைவி இருந்தாள். அச்சடித்த திட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அவள்தான். படித்த அன்றைக்கே விலகிக்கொண்டாள்.

நான்கு பேருக்குக் குறைந்தால் வனத்துறை அந்தப் பாதையில் விடாது. மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, எடைமேடைக்காரரின் மனைவி அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நாலாவது ஆளா நான் வரேன்" என்றாள், பக்கத்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற குரலில்.

மகள் துள்ளிக் குதித்தாள். மருமகன் உடனே ஒரு கட்டத்தில் பேரை எழுதினார். அவர்கள் கிளம்பிப் போகிறவரை எடைமேடைக்காரர் வாயைத் திறக்கவில்லை. போனதும் திறந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? அறுபத்திரண்டு வயசு!"

"என் வயசு எனக்குத் தெரியும்ங்க. ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் தரைக்குக் கீழ நின்னு துணி வெளுத்தேன். ஜன்னல் கூட இல்லாத இடம். ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

"மொட்டைமாடிக்குப் போ."

"அங்கயும் துணிதானே காயுது."

அவர் அந்தத் திட்டக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நான்காம் நாள் வரை வந்தார். நான்காம் நாள், மாலை மூன்று மணி: ஆறு. பாலம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர். கடக்கவும்.

கடக்கவுமாம். கதவை மூடவும் என்பது போல.

மறுநாள் கேப்டன் வந்ததும் காகிதத்தை நீட்டினார். "இது யாரு இடுப்பு?"

"என்ன அங்கிள்?"

"இடுப்பளவுன்னு போட்டிருக்கே. யாரு இடுப்பு? நீங்க ஆறடி. என் வீட்டுக்காரி நாலடி பத்தங்குலம். உங்க இடுப்பு அவளுக்கு நெஞ்சு."

கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அங்கிள் செம காமெடி!"

"அப்பா, சும்மா இருங்கப்பா. அவருக்குத் தெரியாதா?" என்றாள் மகள்.

அவனுக்குத் தெரியாது என்பது எடைமேடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவனாக இருந்தால் ஒரு அளவைச் சொல்லியிருப்பான். தெரியாதவன்தான் சிரிப்பான். இடுப்பெல்லாம் ஒரு அளவா? ஆளுக்கு ஆள் மாறுகிற ஒன்றை வைத்து ஆற்றை அளந்திருக்கிறான், அதை ஒருத்தர் கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறார், அதை நம்பி ஒருத்தி தண்ணீரில் இறங்கப்போகிறாள்.

எப்படியாவது அவளை நிறுத்திவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். சொல்லிக் கேட்கிறவள் இல்லை. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த நாற்பது வருஷத்தில் அவள் இல்லாமல் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கூட அவர் அந்த வீட்டில் இருந்ததில்லை. ஆற்றைப் பற்றியாவது நாலு பேருக்கு முன்னால் கேட்கலாம். இதை எப்படிக் கேட்பது?

அனுமதி விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை. வன அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். விண்ணப்பத்தில் ஆளுக்கொரு தாள். பேர், வயது, உடம்பு எடை, முதுகில் சுமக்கிற பையின் எடை. பை, உடம்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. போனால் அந்த ஆள் போகமுடியாது. ஒரு ஆள் குறைந்தால் நாலு பேருக்கும் கிடையாது. மூன்று வாரத்தில் எடைமேடைக்காரர் காதில் விழுந்த முதல் புத்தியுள்ள சட்டம் இதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் கேப்டன் ஒரு கண்ணாடித் தராசைக் கொண்டுவந்தான். பேட்டரி போட்டு எண் காட்டுகிற ரகம். ஒரே பையை மூன்று தடவை வைத்தான். முதல் தடவை பதினொன்று காட்டியது. இரண்டாம் தடவை பதினான்கு. மூன்றாம் தடவை பேட்டரி தீர்ந்துவிட்டது என்று காட்டியது.

"சராசரி போட்டுக்கலாம்" என்றான் கேப்டன்.

தீர்ந்துபோன பேட்டரியைச் சேர்த்தா, விட்டா என்று எடைமேடைக்காரர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவர் மனைவி, "உங்க தராசைக் கொண்டாங்களேன். எதுக்கு அதை உள்ள பூட்டி வச்சிருக்கீங்க?" என்றாள்.

பழைய மூட்டைத் தராசு அது. வேலை செய்த இடத்தில் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கிவந்தார். கீழே இரும்புத் தட்டு, மேலே எண் வெட்டிய தண்டு, தண்டில் தள்ளுகிற குண்டு. தட்டில் பாரம் ஏறினால் தண்டு எழும்பும். குண்டைத் தள்ளித் தள்ளி அதைச் சமனுக்குக் கொண்டுவந்து அளவைப் படிக்க வேண்டும். மருமகனும் அவருமாகத் தூக்கிவந்து கூடத்து நடுவில் வைத்தார்கள்.

முதலில் கேப்டன். உடம்பு எண்பது. பை இருபத்து நான்கு. நாலு கிலோ அதிகம். பையைப் பிரித்தால் உள்ளே ஒரு மடக்கு நாற்காலி.

"இது எதுக்கு?" என்றார் எடைமேடைக்காரர்.

"உக்கார, அங்கிள்."

மலையில் உட்காரக் கல் கிடைக்காதாம். நாற்காலி வெளியே வந்தது. காபிக் கொட்டை அரைக்கிற எந்திரம் ஒன்று வெளியே வந்தது. இருபதுக்கு இறங்கியது. மருமகனும் மகளும் அளவுக்குள் வந்தார்கள். மருமகன் எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டார்.

கடைசியாக மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறினாள். ஐம்பத்திரண்டு. அப்படியென்றால் பை பதிமூன்று வரை போகலாம். இறங்கிப் பையைத் தூக்கி வைத்தாள். தண்டு அசைந்த அசைவிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, பன்னிரண்டரை. குண்டு தேவையில்லை. பையைக் கச்சிதமாகக் கட்டியிருந்தாள். அவளை நிறுத்த அந்தப் பையால் ஆகாது.

அப்போதுதான் முப்பத்தெட்டு வருஷத்தில் செய்யாததை அவர் செய்தார். குனிந்து எண்ணைப் பார்க்கிற மாதிரி தட்டுக்குப் பக்கத்தில் நெருங்கி, வலது கால் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். எல்லோர் கண்ணும் தண்டின் மேல். தரையை யார் பார்க்கப்போகிறார்கள்?

"பதினஞ்சு" என்றார்.

"ஐயோ அம்மா!" என்றாள் மகள்.

"பரவால்ல, எடுத்துடலாம்" என்று மனைவி ஒரு கம்பளிச் சட்டையையும் துண்டையும் உருவினாள். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பதினாலரை. அவள் உணவுப் பொட்டலங்களை எடுத்தாள். அவர் அழுத்தினார். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் இரண்டையும் எடுத்தாள். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கூட்டவேண்டும் என்பது அவருக்குக் குழம்பிவிட்டது. எடைக்கல்லுக்கு சர்க்கார் முத்திரை உண்டு. கட்டைவிரலுக்கு முத்திரை குத்தினவன் எவன்? குத்துமதிப்பாக அழுத்தினார்.

"பதினாலே முக்கால்."

மருமகன் எழுதுவதை நிறுத்தினார். "மாமா, நாலஞ்சு கிலோ வெளிய எடுத்திருக்கோம். கால் கிலோ ஏறியிருக்கே?"

எடைமேடைக்காரரைக் காப்பாற்றியவன் கேப்டன்.

"அது ஈரம்!" என்றான் கேப்டன். "இந்த ரகப் பைத்துணி காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். நான் அன்னிக்கு மலையில பாத்திருக்கேன். போகப் போக கனம் கூடிட்டே போகும்."

"அப்படியா?" என்றார் மருமகன். ஈரம் என்று ஒரு ஓரத்தில் எழுதியும் வைத்தார்.

எடைமேடைக்காரருக்குத் தன் பொய்யை அவர்கள் நம்பிவிட்டார்கள் என்று நிம்மதி வரவில்லை. இவ்வளவு கேவலமான பொய்யை நம்புகிறார்களே என்று ஆத்திரம் வந்தது. போகப் போகக் கனம் கூடியது களைத்துப்போனதால் என்று கூட இவனுக்குத் தெரியவில்லை. இவனை முன்னால் விட்டு இவர்கள் பின்னால் ஆற்றில் இறங்குவார்கள்! காலை எடுக்காமலே, "மடப்பசங்க" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

அவர் மனைவி சலவைக் கூடத்தில் முப்பது வருஷம் தரையில் கிடந்ததைக் குனிந்து குனிந்து எடுத்தவள். அவள் கண் தண்டில் இல்லை. ஒரு கையால் பையைத் தட்டிலிருந்து தூக்கினாள். அதே வீச்சில் தன் காலைத் தூக்கி அவர் கால்மேல் வைத்து, எட்டி ஏறி நின்றாள்.

"ஆ! கால்! கால்!"

"அம்பத்திரண்டு கிலோதாங்க. நீங்கதானே எடை போட்டீங்க. தாங்குவீங்க" என்றாள். பிறகு மருமகனிடம் திரும்பினாள். "மாப்பிள்ளை, இப்ப குண்டைத் தள்ளிப் பாருங்க."

மருமகன் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். "நாப்பத்தொண்ணு…" என்று படித்துவிட்டு வெறும் தட்டைப் பார்த்தார். "அத்தை, தட்டுல ஒண்ணுமே இல்லையே."

"ஈரம்" என்றாள் அவள்.

அப்புறம்தான் மூன்று பேரும் குனிந்து கீழே பார்த்தார்கள். தட்டின் ஓரத்தில் ஒரு கால். அதன்மேல் இன்னொரு கால்.

மகளுக்குத்தான் முதலில் வாய் திறந்தது. "அப்பா! நீங்களா?"

கிளீனரைப் படுக்கவைத்துப் பிடிபட்ட டிரைவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு சிலர் சிரித்து மழுப்புவார்கள், ஒரு சிலர் கத்துவார்கள். அவர் கத்துகிற ரகம்.

"ஆமா, நான்தான்! இப்ப என்ன? இடுப்பளவுன்னு எழுதியிருக்கு, யாரு இடுப்புன்னு கேட்டேன். எவனாவது பதில் சொன்னானா? சிரிச்சீங்க. செம காமெடின்னீங்க. நாலடி பத்தங்குலத்துக்காரி முதுகுல பன்னண்டரை கிலோவோட இறங்கினா தண்ணி எங்க நிக்கும்? கட்டம் போட்டீங்களே, அதுக்கு ஒரு கட்டம் போட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. மனைவி அவர் காலிலிருந்து இறங்கினாள். அவரைப் பார்த்த பார்வையில் கோபம் அப்படியே இருந்தது; ஆனால் கேட்டது கேப்டனிடம்.

"அவரு பண்ணது அயோக்கியத்தனம். அதை நான் பாத்துக்கிறேன். ஆனா கேட்டது நியாயமான கேள்விதானே தம்பி? யாரு இடுப்பு?"

கேப்டன் நெளிந்தான். "அது… யாரோ நெட்ல எழுதியிருந்தாங்க ஆன்ட்டி. அப்படியே எடுத்துப் போட்டேன்."

"எழுதினவர் எவ்வளவு உயரம்?"

தெரியாது. ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

மணி மூன்றேகால். மனைவி வன அலுவலகத்துக்குப் போன் போட்டாள், ஒலியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து. எடுத்தவன் கரகரத்த குரல்காரன். சாப்பிட்டு எழுந்த சோம்பல் குரலில் இருந்தது.

"அந்த ஆறா? காலையில எட்டு மணிக்குள்ள முழங்கால்தாம்மா. வெயில் ஏறி மேல அணையில தண்ணி திறந்துட்டா மத்தியானம் இடுப்புக்கு வந்துடும்."

"யாரு இடுப்புக்கு?" என்று தள்ளி நின்ற எடைமேடைக்காரர் கத்தினார்.

"என் இடுப்புக்குத்தான். அஞ்சடி அஞ்சு. நீங்க எத்தனை மணிக்குத் தாண்டப் போறீங்க?"

மருமகன் தன் அழகான கட்டத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு" என்றார், குரல் இறங்கி.

"எவன்யா போட்டது அந்தத் திட்டம்? இக்கரையில தங்கிட்டு விடிஞ்சதும் தாண்டுங்க." போன் வைக்கப்பட்டது.

திட்டம் போட்டவன் தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மலைக்கு ஆகாவிட்டாலும் அது இங்கே உதவியது.

இக்கரையில் தங்குவதென்றால் ஆறு நாள் ஏழு நாளாகும். ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு கூட வேண்டும். மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பொருளை வெளியே எறிந்து இடம் பண்ணினார்கள். மனைவி எடுத்ததை எல்லாம் பைக்குள் திரும்ப அடுக்கி, கூடுதல் பொட்டலங்களையும் திணித்து, தட்டில் வைத்தாள்.

"நான் படிக்கிறேன்" என்று மருமகன் வந்தார்.

"வேண்டாம். அவரே படிக்கட்டும்" என்றாள்.

மகள் ஒரு ஊன்றுகம்பை எடுத்துத் தட்டுக்கு ஒரு அடி தள்ளித் தரையில் குறுக்கே வைத்தாள். "அப்பா, இதைத் தாண்டி காலு வரக்கூடாது."

பெற்ற பெண் கோடு போடுகிற நிலைமை. அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, எட்டிக் குண்டைத் தள்ளினார். தண்டு ஆடி, அடங்கி, சமனில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

பதிமூன்று கிலோ நூறு கிராம்.

நூறு கிராம் அதிகம். இந்தத் தடவை யார் காலும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாலே போதும், அவள் போகமுடியாது. ஒரு சின்ன நாக்குப் பிசகில் பதிமூன்று என்று சொன்னால் போய்விடுவாள். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பதிமூணு நூறு" என்றார்.

மகள் முகம் தொங்கிப்போனது. கேப்டன் எழுந்து வந்தான். "நூறு கிராம்தானே அங்கிள்? பதிமூணுன்னே போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்க லிப்ட்ல பத்து பேருன்னு எழுதியிருந்தா பதினோரு பேரை ஏத்துவீங்களா?"

"தாராளமா! எழுதறதுதான் பத்து. பன்னண்டு வரைக்கும் தாங்கும்."

எடைமேடைக்காரர் அதற்குப் பிறகு ஆயுசுக்கும் லிப்டில் ஏறவில்லை.

மனைவி இதற்குள் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒரு புது சோப்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சோப்பு இல்லாம ஏழு நாளா?" என்றார்.

"அங்க நாறினா மலைக்குத்தானே கஷ்டம். இப்ப படிங்க."

படித்தார். பதிமூன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மருமகன் எழுதிக்கொண்டார். மணி நாலு பத்து. வன அலுவலகம் போய்ச்சேர அரைமணி நேரம் பிடிக்கும். யாரும் கேள்வி கேட்கக்கூடாதென்று அவளுடைய வயதுக் கட்டத்தில் கேப்டன் ஐம்பத்தொன்பது என்று எழுதப்போனான்; அவள் பேனாவைப் பிடுங்கி அறுபத்திரண்டு என்று எழுதினாள். தாளின் அடியில் ஒரே ஒரு கோடு காலியாக இருந்தது. கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் நிறுத்தவர் கையொப்பம் என்று அச்சடித்திருந்தது, எடை போட்டவர் போடவேண்டிய இடம்.

தாளும் பேனாவும் அவர் முன்னால் வந்தன. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை. அளவு சொன்னது வேறு. கையெழுத்து வேறு. ஆற்றிலே ஏதாவது ஒன்று ஆனால் இந்தத் தாளில் அவர் பேர் இருக்கும்.

"போடுங்க" என்றாள்.

"நான் எதுக்குப் போடணும்? மாப்பிள்ளை போடட்டும்."

அவள் அந்தச் சின்ன எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "நல்லாப் படிச்சுப் பாருங்க. நிறுத்தவர்னுதான் போட்டிருக்கு. நிறுத்தினவர்னு போடல. அதுக்கு இங்க கட்டம் கிடையாது."

கேப்டனுக்கு இது புரியவில்லை. மருமகனுக்குப் புரிந்தும் சிரிக்கப் பயம். எடைமேடைக்காரர் சோப்பை மடியில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். அவருக்குக் கிறுக்கிவிட்டுப் போகிற கையெழுத்துத் தெரியாது. பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாகத்தான் போடுவார். போட்டார். வாசலில் நின்றுகொண்டு கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தான், காலை மாற்றி மாற்றி வைத்தான், இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

பார்க்கட்டும்.